ஒன்பதாவது ஸ்லைடு

பத்து சதவீதம் தேறினால் போதும், ஹேமலதா மேடம் தொலைந்தார். காலை ஒன்பதே முக்காலிலிருந்து இதே நினைப்பு. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கிறது, வலது கை ஸ்லைடை நகர்த்தும் திருகில் இருக்கிறது, இடது கை ஒரு தாளில் பென்சிலால் கோடு போடுகிறது, உள்ளே இந்த ஒரு வாக்கியம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு ஸ்லைடு. எல்லாம் ஒரே கட்டியிலிருந்து வந்தவை. இந்துமதி, வயது இருபத்தொன்பது, வலது சூலகத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீர்க்கட்டி. மூன்று வாரத்துக்கு முன்னால் சூலகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு இந்தப் பரிசோதனைக்கூடத்தில் அதை வெட்டிப் பார்த்தவர் உதவிப் பேராசிரியர் ஹேமலதா மேடம். பூசணிக்காய் அளவு கட்டிக்கு இரண்டே இரண்டு துண்டு எடுத்து, ஸ்லைடு போட்டு, சாதாரண சளிக்கட்டி, பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். சளிக்கட்டி என்றால் சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுக்க வேண்டும், முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் அதற்குள் ஏகப்பட்ட அறைகள், ஒரு அறை சாதுவாக இருக்கும்போதே பக்கத்து அறையில் வேறு ஏதாவது வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்கேனில் ஒரு பக்கச் சுவர் தடித்துத் தெரிகிறதே, இரண்டு துண்டை வைத்து எப்படிச் சொன்னீர்கள் என்று மகப்பேறுத் துறையிலிருந்து எழுதிக் கேட்டார்கள். துறைத்தலைவர் சார் என்னைக் கூப்பிட்டு, பார்மலின் வாளியில் கிடந்த மீதிக் கட்டியைக் காட்டினார். "இன்னும் இருபது துண்டு எடும்மா. படிச்சு ரிப்போர்ட் எழுது. ஹேமலதாவும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வெள்ளிக்கிழமை ரெண்டு மணி மீட்டிங்குக்கு எனக்கு வேணும்." இன்று வெள்ளிக்கிழமை. கட்டியின் உட்சுவரில் செல்கள் ஒற்றை வரிசையாக நின்றால் சாதாரணம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து நின்றால், அந்தக் குவியல் மொத்தத்தில் பத்து சதவீதத்தை எட்டினால், அதற்குப் பெயர் பார்டர்லைன். சாதுவும் இல்லை, புற்றும் இல்லை, நடுவில். பத்தை எட்டினால் மேடத்தின் முதல் ரிப்போர்ட் தப்பு. தப்பான ரிப்போர்ட் டீன் மேசைக்குப் போகும். இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான கோப்பும் இப்போது அதே மேசையில்தான் இருக்கிறது. பத்தை எட்டினால் இந்துமதிக்கு இன்னொரு முறை வயிற்றைத் திறக்க வேண்டும். இதை நான் இரண்டாவதாக நினைக்கிறேன் என்பதைக் கவனிக்கிறேன். கவனித்துவிட்டு, ஏழாவது ஸ்லைடை எடுத்துவிட்டு எட்டாவதை வைக்கிறேன்.

எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வைப்பேன். ஸ்லைடில் ஒரு தடவை, தாளில் ஒரு தடவை, மறுபடி ஸ்லைடில். கூடப் படிக்கும் பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள், மோகனப்பிரியா ஜெபம் பண்ணுகிறாள் என்று. சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், எனக்குத் தப்பு செய்ய இடம் கிடையாது, மற்றவர்கள் விழுந்தால் பிடிக்க மாமா இருப்பார், சித்தப்பா நர்சிங் ஹோம் இருக்கும், நான் விழுந்தால் திருச்செங்கோட்டில் போய்த்தான் விழ வேண்டும். அப்பா போர்வெல் லாரியில் வேலை செய்கிறவர். ராடு இறங்க இறங்க வெளியே வரும் கல்தூளை ராடுக்கு ஒரு குவியலாக அள்ளி வரிசையாக வைப்பார், கீழே என்ன பாறை என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு குவியல் விட்டுப்போனால் அவருக்குத் தூக்கம் வராது. நானும் திங்கட்கிழமை அந்தக் கட்டியை அப்படித்தான் வெட்டினேன். கட்டியை வெட்டும்போது ஒவ்வொன்றும் தன்னைத் தானே சொல்லிவிடும். தெளிந்த தண்ணீர் பீய்ச்சி அடித்தால் ஒரு வகை, மூக்குக் கண்ணாடியில் தெறிக்கும். சாக்லேட் கரைத்தது போலக் கெட்டி ரத்தம் வந்தால் வேறு வகை. முடியும் டால்டாவும் பல்லும் வந்தால் இன்னொன்று, முதல் முறை பல்லைப் பார்த்தபோது எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சளிக்கட்டி அப்படிச் சட்டென்று எதுவும் சொல்லாது. வெட்டினால் ஜவ்வரிசிக் கஞ்சிபோல் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும், கத்தி வழுக்கும், கையுறை வழுக்கும், அறைக்குள் அறை, அதற்குள் அறை. தடித்திருந்த சுவரிலிருந்து மட்டும் ஆறு துண்டு எடுத்தேன். பார்மலின் கண்ணை எரித்தது, எரிச்சலோடு எரிச்சலாக எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று. எது கிடைக்கட்டும்? அப்போது அதை யோசிக்கவில்லை.

எட்டில் ஒன்றுமில்லை. ஒற்றை வரிசை, நீலப் புள்ளிகள் அடியில், சளி நிரம்பிய உடம்பு மேலே. கோடு போடுகிறேன். போன ஆகஸ்டில் சிங்க்கில் போன துண்டு மிளகு அளவு. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த பயாப்சித் துண்டு, ஐம்பது வயது அம்மா ஒருவருடையது. மேடம் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, யாரிடமோ கிரானைட் விலை கேட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து சிங்க் பக்கம் பார்மலினைச் சாய்த்தார். துண்டும் போயிற்று. நான் பார்த்தேன். பழுப்பாக, சிங்க் ஓட்டையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, குழாய்த் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மேடம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "இதை ரிசீவ் பண்ணது நீதானே?" ஆமாம், ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. "டப்பால துண்டு இருந்துச்சா, பார்த்தியா?" இருந்தது மேடம். "இப்ப இல்லையே." மறுநாள் விளக்கக் கடிதம். அவரே பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். "'எனது கவனக்குறைவால்'னு போடு. 'தவறுதலாக'ன்னு போட்டா யார் தவறுன்னு கேப்பாங்க." போட்டேன். அதைவிட, எல்லாரும் இருக்கும்போது, குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தாமல், "இவளைத் திட்டாதீங்க, பாவம். வீட்ல படிச்சவங்க யாரும் இல்லை. ஒரு பொருளை எப்படிக் கையாளணும்ங்கறது பழக்கத்துல வர்றது" என்றார். பாவம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த அம்மா மறுபடி வந்து மறுபடி வலியோடு துண்டு கொடுத்துவிட்டுப் போனார், நான் போய் மன்னிப்புக் கேட்டேன், என் மேல் தப்பு என்று சொல்லியே கேட்டேன். அதிலிருந்து என் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஒரு கூச்சம். பொய் எழுதிய கை என்று. எட்டு மாதம். எட்டு மாதமாக மேடத்தின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், கொண்டையில் குத்திய அந்த வெள்ளிக் குச்சியை, அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் விதத்தை, அவர் 'மோகனா' என்று என் பேரைப் பாதியாக வெட்டுவதை.

ஒன்பதாவது ஸ்லைடு. எண்ணைப் படித்து வைக்கிறேன். லென்ஸில் தெரியும் முதல் வட்டத்தில் ஒற்றை வரிசை. நகர்த்துகிறேன். அடுத்த வட்டத்தில் செல்கள் ஏறி நிற்கின்றன. ஒன்றின் தோளில் ஒன்று, மூன்று அடுக்கு, நாலு அடுக்கு, கொத்துக் கொத்தாக உள்ளே நீட்டிக்கொண்டு. நகர்த்துகிறேன். இன்னும். நகர்த்துகிறேன். வட்டம் முழுக்க. காது அடைத்துக்கொள்கிறது. கிடைத்துவிட்டது. என் வாயில் எச்சில் ஊறுகிறது, உண்மையாகவே ஊறுகிறது, பசித்தவளுக்கு ஊறுவது போல. கோடு, கோடு, கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. நான் இப்போது ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்த கெடுதலைப் பார்த்து எச்சில் விழுங்குகிறேன். இருக்கட்டும். நான் வைத்தேனா அதை அங்கே? இருப்பதைத்தானே எண்ணுகிறேன். பத்தாவதில் குறைவு, பதினொன்றாவதில் குறைவு, பன்னிரண்டாவதில் ஒன்றும் இல்லை, ஏன் இல்லை, இருக்க வேண்டுமே, மறுபடி பார்க்கிறேன், இல்லை. பதினான்கில் கொஞ்சம் இருக்கிறது. பதினான்கே, உனக்கு நன்றி. இருபத்திரண்டு வரைக்கும் முடிக்கும்போது மணி பத்தேமுக்கால். தாளில் மொத்தம் முந்நூற்று நாற்பது வட்டங்கள், அதில் குவியல் உள்ளவை முப்பத்தேழு. போனை எடுத்து வகுக்கிறேன். பத்து புள்ளி எட்டு எட்டு. திரும்ப வகுக்கிறேன். அதேதான். மேடம் டீன் அறைக்கு வெளியே அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது எனக்கு. யாரோ பக்கத்தில் நின்று 'கவனக்குறைவால்' என்று போடச் சொல்கிறார்கள். பாவம், படிச்ச குடும்பம், அவரைத் திட்டாதீங்க என்று நான் சொல்வேன். எல்லாரும் இருக்கும்போது சொல்வேன். குரலை உயர்த்த மாட்டேன்.

ஆனால் பத்து புள்ளி எட்டு எட்டு என்பது பத்துக்கு ரொம்பப் பக்கம். நாலு வட்டம் குறைந்தால் விழுந்துவிடும். ஒன்பதை மறுபடி வைக்கிறேன். அந்தக் குவியலைப் பார்க்கிறேன், இப்போது கொஞ்சம் நிதானமாக, பார்க்கப் பிடிக்காமல் பார்க்கிறேன். செல்களின் அடிவாரம் தெரியவில்லை. எந்தச் சுவரில் நிற்கின்றன என்று தெரியவில்லை. வாழைப்பூ மடலை நேராக அரிந்தால் ஒரு கோடுதான் வரும், சாய்த்து அரிந்தால் கற்றையாகத் தெரியும், அதுபோலச் சுவர் மடங்கிய இடத்தில் கத்தி சாய்வாகப் போயிருந்தால் ஒற்றை வரிசையும் நாலு அடுக்காகத் தெரியும். எனக்குத் தெரியும் இது. பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றே நினைக்கிறேன், எச்சில் ஊறின கணத்திலேயே எங்கோ ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. சந்தேகமாக இருந்தால், துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகில் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்க வேண்டும். விட்டுவிடலாம். முப்பத்தேழு என்று எழுதினால் யார் என்ன கேட்பார்கள்? துறைத்தலைவர் சார் ஸ்லைடைப் பார்த்தாலும் குவியல் தெரியும், பார்டர்லைன் என்பார், தலையாட்டுவார். எழுந்து போய்ச் செக்‌ஷன் வெட்டும் அறையில் ஜெயபால் அண்ணன் முன்னால் நிற்கிறேன், இருபத்தாறு வருஷ டெக்னீசியன். "அண்ணா, ஒன்பதும் பதினாலும் இன்னும் ஆழமா வெட்டித் தரணும்." அவர் மெழுகுச் சுருளைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக்கொண்டே, "ஏனம்மிணி, நேத்து வெட்டிக் குடுத்தது ருசிப்படலியா?" என்கிறார். சந்தேகமா இருக்குண்ணா. "உனக்கு எதுலதான் சந்தேகமில்ல? கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையவும் ஆழமா வெட்டிப் பாக்கோணும்னு நிப்பே." சிரிக்கிறார், அவருக்குச் சிரிக்கும்போது தோள் மட்டும்தான் ஆடும், கை ஆடாது. "பன்னண்டே கால் ஆகும், பாத்துக்கோ. சாயம் போடோணும்ல."

வெட்டச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? நாற்காலிக்குத் திரும்பி வருகிறேன். ஆழமாக வெட்டினாலும் அது இருக்கும், இருந்தால் இன்னும் நல்லது, யாராலும் மறுக்க முடியாது, அதற்காகத்தான் சொன்னேன், ஆணி அடிப்பதற்காக. அப்படியே வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டின் முன்பாதியை எழுதத் தொடங்குகிறேன். வலது சூலகக் கட்டி, அளவு இருபத்திரண்டுக்குப் பதினெட்டுக்குப் பதினாறு. முதலில் எடுத்த துண்டுகள் இரண்டு. பின்னர் எடுத்தவை இருபது. இந்த வரியை நிறுத்தி, எழுத்து எழுத்தாக எழுதுகிறேன். பதினொன்றரைக்கு ஜன்னலில் தட்டுகிறார்கள். ரிப்போர்ட் வாங்குகிற ஜன்னல், கம்பிக்குப் பின்னால் ஒரு பெண், மாநிறம், நெற்றியில் வேர்வை, ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, மறு கை வயிற்றின் மேல். "ஏனுங் டாக்டரு, இந்துமதிங்க. மறுபடி பாக்கறோம்னு சொன்னாங்களே, அது வந்துருச்சுங்களா?" நான் அவளைப் பார்க்கிறேன். நாலு நாளாக இவளுடைய உள்ளே இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முகம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்னும் ஆகலீங்க என்கிறேன். "எத்தன நேரமாகுங்க?" ஒரு மணிக்குள்ளே. "ஒரு மணியா? தறியில அரை நாள் லீவு சொல்லிப்போட்டு வந்தேன். பரவால்லீங்க, நிக்கறேன். இப்பத்தான் நிக்க முடியுது. அந்த வவுத்தோட இருந்தப்ப பஸ்ஸுல ஏறுனா எட்டு மாசம்னு நெனச்சுக் கெழவிகூட எந்திரிச்சு எடம் குடுக்கும். இல்லீங்க கட்டின்னு சொல்ல வெக்கம், உக்காந்துக்குவேன். இப்ப ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்கறாங்க." தானே சிரித்துக்கொள்கிறாள். சிரித்தவுடன் தையல் இழுக்கிறதுபோல, வயிற்றை அழுத்திப் பிடிக்கிறாள். பிறகு சிரிக்காமல், கம்பியில் முகத்தை ஒட்டினாற்போல் வைத்துக் கேட்கிறாள், "இன்னொருக்கா ஆப்பரேசன் வருங்களா?" தெரியாதுங்க, பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறேன். அது உண்மைதான். வர வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் உண்மைதான். அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு ஜெயபால் அண்ணன் தட்டில் இரண்டு புது ஸ்லைடு கொண்டுவந்து வைக்கிறார், சாயம் காயாத வாசனையோடு. எண்ணைப் படிக்கிறேன். ஒன்பது, ஆழம். வைக்கிறேன். குவியல் இருந்த மூலைக்கு நகர்த்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறேன். ஒற்றை வரிசை. சுவர் தெளிவாக, நேராக, ஒரு பக்கம் இழை, ஒரு பக்கம் செல்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல ஒன்றன் பக்கத்தில் ஒன்று. பதின்மூன்று வட்டங்கள் இல்லாமல் போயின. பதினான்கில் இருந்தது அப்படியே இருக்கிறது, அது நிஜம், ஆனால் கொஞ்சம். இருபத்து நாலு. வகுக்கிறேன். ஏழு புள்ளி பூஜ்யம் ஆறு. மேடம் இரண்டு துண்டை வைத்து, போன் பேசிக்கொண்டே, குருட்டுத்தனமாக எழுதியது சரி. சரி! எனக்கு வருவது அழுகை இல்லை, அதைவிட மட்டமான ஏதோ. இந்துமதிக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை தோன்றுகிறது, தோன்றி, அதற்குச் சேர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல விதி. அந்த விதியை நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை ஸ்லைடுகளை அடுக்குகிறது. ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை தட்டில். ஆழமாக வெட்டிய இரண்டையும் அவற்றுக்குரிய இடத்தில், ஒன்பதுக்கும் பதினான்குக்கும் பக்கத்தில், வைக்கலாம். வரிசையின் கடைசியிலும் வைக்கலாம். இரண்டும் வழக்கம்தான், இரண்டிலும் தப்பில்லை. கடைசியில் வைக்கிறேன். என் கணக்குத் தாளை மடித்துக் கோட் பைக்குள் வைக்கிறேன். இரண்டாவதாகப் பார்க்கிறவருக்கு முதல் ஆளின் கணக்கைக் காட்டக் கூடாது, அதுவும் விதி. எல்லாமே விதிப்படி நடக்கிறது.

பன்னிரண்டரைக்கு மேடம் வருகிறார். வழக்கமாகச் செருப்புச் சத்தம் முதலில் வரும், இன்றைக்கு அவர் வந்ததே தெரியவில்லை. "மோகனப்பிரியா, சாப்பிட்டியா?" முழுப் பெயர். இல்லை மேடம். "நேரத்துக்குச் சாப்பிடணும்மா." இரட்டைத்தலை மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம் உட்கார்கிறார். கதவைப் பார்க்கிறார். "பத்துக்கு மேல போகுதா?" இதற்காகத்தான் எட்டு மாதம். "நீங்களே பாருங்க மேடம். நான் சொன்னா நல்லாருக்காது" என்று தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்துகிறேன். நான் ஸ்லைடை நகர்த்த, அவர் பார்த்துக் கோடு போட வேண்டும். ஒன்று. இரண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் அவசரப்படவில்லை, ஒரு வட்டத்தையும் விடவில்லை, ஓரம், மூலை, சளி தேங்கிய வெற்றிடம், எல்லாவற்றையும் அவர் கண்ணுக்குள் திணிக்கிறேன். பாருங்கள் மேடம். அன்றைக்குப் பார்க்காததை எல்லாம் பாருங்கள். ஒரே வெளிச்சத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், அவர் மூச்சு கேட்கிறது, டால்கம் பவுடர் வாசனையை மீறி வேர்வை வாசனை வருகிறது. ஒன்பது. அவர் மூச்சு நிற்கிறது. நான் குவியலின் மேல் வட்டத்தை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன். "இது... சாய்வா வெட்டுப்பட்டிருக்குமோ?" "இருக்கலாம் மேடம்." பொய் இல்லை. இருக்கலாம் என்றால் இருக்கலாம்தான். "நீ என்ன நினைக்கறே?" "நீங்க கோடு போடுங்க மேடம்." போடுகிறார். பென்சில் முனை உடைகிறது. என் பென்சிலைக் கொடுக்கிறேன். பதினான்கு வந்தபோது, "அன்னிக்கு நாற்பது ஸ்பெசிமன், தெரியுமா? நான் ஒருத்திதான் டியூட்டி. அம்மாவுக்கு டயாலிசிஸ், நடுநடுவுல போன்" என்கிறார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுமோ என்று காத்திருந்து பார்த்தேன், தோன்றவில்லை. ஒரு மணி. ஜன்னல் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்கிறது. பதினைந்து. பதினாறு. தெரிந்தே மெதுவாக நகர்த்துகிறேன். இருபத்திரண்டு. மேடம் கோடுகளைக் கூட்டுகிறார். முப்பத்தெட்டு. வகுக்கத் தேவையில்லை, அவர் முகத்திலேயே விடை இருக்கிறது. கழுத்தில் வேர்வை ஓடி ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, என் கையின் மேல் கையை வைத்து, "ஒன்பது சதவீதம்னு போட்டுடலாமா? இதெல்லாம் கண் மதிப்புதானே. நீ எட்டுன்னு சொல்லு, நான் ஒன்பதுன்னு சொல்றேன்" என்கிறார்.

அவர் கை ஈரமாக இருக்கிறது. பதினொன்று என்று நம்பிக்கொண்டு ஒன்பது என்று போடச் சொல்கிறார். வெளியே நிற்பவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும், உள்ளே ஏதாவது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் காலையில், இருப்பது ஏழாக இருக்க, பதினொன்றுக்கு ஆசைப்பட்டவள். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன், நான் எழுந்து போய் ஆழமாக வெட்டச் சொன்னேனே, அது வித்தியாசம்தானே. கையை உருவிக்கொண்டு, "இன்னும் ரெண்டு ஸ்லைடு இருக்கு மேடம்" என்று ஆழமாக வெட்டிய ஒன்பதை வைக்கிறேன். மூலைக்கு நகர்த்துகிறேன். ஒற்றை வரிசை. அவர் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். இதற்குள் அவருக்குக் கணக்கு முடிந்திருக்கும், பதின்மூன்று கழிந்துவிட்டது, பிழைத்துவிட்டார். ஆனால் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது கண்ணோரம் ஐபீஸ் அழுத்திய வட்டம் சிவந்திருக்கிறது. "இதை எப்ப வெட்டுனாங்க?" காலைல சொன்னேன் மேடம். "பார்த்துட்டியா நீ?" பார்த்தேன் மேடம். "அப்புறம் ஏன் முதல்லயே தரலை?" "வரிசையாத்தான் மேடம் பார்த்தோம்." அவருக்குப் புரிகிறது. புரிவது நெற்றியில் தொடங்கித் தாடை வரைக்கும் இறங்குவதைப் பார்க்கிறேன். ஒன்பது என்று போடலாமா என்று அவர் கேட்டதும், நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் இனி இந்த அறையை விட்டுப் போகாது. ஆழமாக வெட்டிய பதினான்கையும் காட்டிவிட்டு, ஏழு சதவீதம் என்று எழுதுகிறேன். சாதாரண வகை சளிக்கட்டி, ஓரிரு இடங்களில் செல் பெருக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும். மேடம் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் விரல் வைக்கிறார். முதலில் எடுத்த துண்டுகள் இரண்டு. "இது வேணாமே." "அது நடந்தது மேடம்." பேனாவை நீட்டுகிறேன். கையெழுத்துப் போடுகிறார். வழக்கமான கையெழுத்தாக இல்லை, சின்னதாக, கோட்டுக்குள் அடங்கினாற்போல் இருக்கிறது. எனக்குள் தித்திக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது, தித்திக்கத்தான் செய்கிறது.

மணி ஒன்றே கால். ஜன்னலைத் திறக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் போய்விட்டார்கள், அவள் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாள். உதடு வெளுத்திருக்கிறது. நான் கதவு வழியாகவே வெளியே போகிறேன். "ஒண்ணும் பயமில்லீங்க. இன்னொரு ஆப்பரேஷன் வேண்டாம். டாக்டரம்மாகிட்ட இதைக் காட்டுங்க, ஸ்கேன் மட்டும் எப்பெப்ப எடுக்கணும்னு சொல்வாங்க." தாளை வாங்குகிறாள், படிக்கவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள், பிறகு அவசரமாக, "ஏனுங், இங்க பாத்ரூம் எங்கீங்க? பன்னண்டு மணியிலிருந்து அடக்கிட்டு நிக்கறேன். நா அக்கட்டால போனப்ப கூப்புட்டுப் போட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு நகரவே இல்லீங்க. தையலெல்லாம் தெறிக்குது" என்கிறாள். ஸ்டாஃப் டாய்லெட் சாவியை எடுத்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் பையும் தாளும் என் கையில். கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே அவள் வலியில் முனகுவது கேட்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவில் விட்டுவிட்டு. பன்னிரண்டு இருபதுக்கே எனக்குத் தெரியும். வரிசையில் கடைசியில் வைத்த இரண்டு ஸ்லைடு, நான் மெதுவாக நகர்த்திய ஒவ்வொரு வட்டம், பதினைந்து, பதினாறு, பதினேழு, அந்த நேரமெல்லாம் மேடத்திடமிருந்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து முந்தானையில் கை துடைக்கிறாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருக்கிறது. "எத்தன நேரம் பாத்தீங்க! அந்த டெக்னீசியன் அண்ணன் சொன்னாரு, அந்தப் பொண்ணு மறுக்கா வெட்டிப் பாக்குது, ரெண்டு டாக்டரும் உக்காந்து மொதல்லருந்து பாக்கறாங்கன்னு. எங்களையெல்லாம் யாருங்க ரெண்டு தடவ பாக்கறாங்க?" என் கையைப் பிடிக்கிறாள். "எனக்காவத்தானுங்களே?" ஆமாங்க என்கிறேன். அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. "நல்லாருப்பீங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வயிற்றில் ஒரு கை வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாள். மாடித் திருப்பத்துக்குப் பதினொரு படி. கூப்பிட்டு நிறுத்தி, உங்களுக்காக இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரம் இருக்கிறது. நாலு, ஐந்து, ஆறு. வாய்க்குள் அந்தத் தித்திப்பு இன்னும் இருக்கிறது. அவள் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கி, மேலே பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.